யூனிட்டுக்கு எட்டு ரூபாய்: சென்னை ஹவுஸ் ஓனர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் கீழே ஒரு போர்ஷன், மேலே ரெண்டு போர்ஷன், மொட்டை மாடியில் ஷீட் போட்ட ஒரு ரூம் என்று கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் ஹவுஸ் ஓனர்கள் எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். வாடகையைக் குறையுங்கள் என்று கேட்க வரவில்லை. நீங்களும் லோன் போட்டுத்தான் கட்டியிருப்பீர்கள், 2022-இல் சொத்து வரி ஏறியதும் உங்கள் தலையில்தான் விழுந்தது, அதெல்லாம் தெரியும். நான் பேச வந்தது மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து தொங்குகிற, எந்தப் போர்ஷனில் எவ்வளவு கரண்ட் ஓடியது என்று பார்க்க நீங்கள் மாட்டிய அந்தச் சின்ன சப்மீட்டரைப் பற்றி மட்டும்.

எங்கள் வீட்டில் செலவு நோட்டு என் கையில். மற்ற எல்லாவற்றிலும் ஏதாவது இழுத்துப் பிடிக்க வழி இருக்கிறது. தக்காளி விலை ஏறினால் கொஞ்சம் புளியைக் கூடக் கரைத்துவிடுவேன். ரேஷனில் 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு வந்துவிட்டால் அந்த மாதம் மளிகைக் கடையில் பருப்பு வாங்குவதில்லை. 2025 ஏப்ரலில் சிலிண்டர் 50 ரூபாய் ஏறி 868.50 ஆனபோது அடுப்பில் குளிக்க வெந்நீர் வைப்பதை நிறுத்தினோம் (ஏப்ரல் மாதம் சென்னையில் யார் வெந்நீரில் குளிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள், என் மாமியார் குளிப்பார்). ஆனால் வாடகைக்கு அடுத்த வரியில் ‘கரண்ட்’ என்று எழுதுகிறேனே, அங்கே வந்தால் பேனா நின்றுவிடுகிறது, ஏனென்றால் மிச்சம் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அங்கே முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய்.

மாதாமாதம் ஒரு துண்டுச் சீட்டு வரும். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம், பழைய ரீடிங், புது ரீடிங், கழித்தால் 100, எட்டால் பெருக்கி 800, அவ்வளவுதான். மின்வாரியத்தின் பில் எங்கே, மொத்தம் எவ்வளவு வந்தது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒன்றும் அதில் இருக்காது. கேட்டால், “எல்லா வீட்டிலும் இதுதான்மா ரேட்” என்பீர்கள். பக்கத்துத் தெருவில் ஒன்பது, பத்து என்று வாங்குகிறார்கள் என்பதும் உண்மைதான், அதனால் எட்டு நியாயம் என்று ஆகிவிடாது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ரெண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016 மே மாதம் பதவியேற்ற அன்றே ஜெயலலிதா கையெழுத்துப் போட்டார், அது இந்த மாநிலத்தில் வீடு சொந்தமாக உள்ளவர்களுக்கு மட்டும் என்று எங்கும் சொல்லவில்லை. 2024 ஜூலையில் ஏறிய கட்டணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தனி கார்டு, அதாவது வாரியத்தின் தனி மின் இணைப்பு, உள்ள ஒரு வீட்டில் ரெண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓடினால் முதல் 100-க்குக் காசில்லை, அடுத்த 100-க்கு யூனிட் 2 ரூபாய் 35 காசு, ஆக 235 ரூபாய். அதே மின்விசிறி, அதே ஃப்ரிட்ஜ், அதே மிக்ஸியை உங்கள் சப்மீட்டர் வழியாக ஓட்டுகிற நாங்கள் கொடுப்பது 1,600. வருடத்துக்கு வித்தியாசம் எட்டாயிரத்துச் சொச்சம் வருகிறது. எங்கள் வீட்டுக் கணக்கில் அது ஒன்பது சிலிண்டர்.

“எனக்கு மட்டும் வாரியம் 235-க்கா கொடுக்கிறது? எல்லாம் ஒரே கார்டில் ஓடுகிறது, ஸ்லாப் ஏறிவிடுகிறது” என்று சொல்வீர்கள், அதாவது மொத்த யூனிட் கூடக் கூட யூனிட் விலையும் படிப்படியாக ஏறுகிறது. நியாயமான பேச்சு. அதையும் போட்டுப் பார்த்தேன். நாலு குடித்தனம், ஆளுக்கு 200, மொத்தம் 800 யூனிட். மொத்தம் 500-ஐத் தாண்டியவுடன் அந்த 2 ரூபாய் 35 காசுச் சலுகை போய்விடுகிறது, 600-க்கு மேல் யூனிட் ஒன்பது ரூபாயைத் தாண்டுகிறது, எல்லாம் சேர்த்து பில் ஏறக்குறைய 4,800 ரூபாய் வரும். நாலு வீட்டிலும் நீங்கள் வசூலிப்பது 6,400. நடுவில் நிற்கிற 1,600-க்கு என்ன பெயர்? மோட்டார் ஓடுகிறது, மாடிப்படி லைட் எரிகிறது என்றால் சரி, அதையும் தனியாக ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், சந்தோஷமாகக் கொடுக்கிறோம். யூனிட் விலைக்குள் ஒளித்து வாங்காதீர்கள், அதுதான் கேட்பது.

இன்னொரு பக்கமும் பாருங்கள். நாலு போர்ஷனுக்கும் தனித்தனி கார்டு இருந்தால் அந்த 800 யூனிட்டுக்கு வாரியத்துக்குப் போக வேண்டியது மொத்தமே 940 ரூபாய். அதாவது இப்போதைய ஏற்பாட்டில் நாங்கள் இழக்கிற பணம் முழுக்க உங்கள் பைக்கும் வருவதில்லை, பெரும்பகுதி வீணாக ஸ்லாபில் கரைகிறது. தனி வாசலும் தனிச் சமையலறையும் உள்ள போர்ஷன்களுக்குத் தனி இணைப்பு வாங்கி வைத்திருக்கிற ஓனர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். வாரிய ஆபீஸுக்கு அலைய வேண்டும், டெபாசிட் கட்ட வேண்டும், வயரிங் பிரிக்க வேண்டும், செலவுதான். அந்தச் செலவில் பாதியை நாங்கள் போடுகிறோம் என்று சொல்லிப் பாருங்கள், எத்தனை குடித்தனக்காரர்கள் அடுத்த நாளே பணத்தோடு வந்து நிற்பார்கள் என்று தெரியும்.

அப்புறம், இந்த ஒரே கார்டு விவகாரம் பில்லோடு முடிவதில்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு வைத்த தகுதிகளில் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள் மின்சாரம் என்பதும் ஒன்று. ரெண்டு மாதத்துக்கு 800 என்றால் உங்கள் மீட்டரில் வருடத்துக்கு 4,800 ஓடும். நாங்கள் ஓட்டியது அதில் கால்பங்குதான், ஆனால் அதை நிரூபிக்க எங்களிடம் இருப்பது காலண்டர் தாள். ஆயிரம் ரூபாய்தானே என்று உங்களுக்குத் தோன்றலாம். மாதம் பிறந்து பதினைந்து நாள் ஆன பிறகு வருகிற ஆயிரத்துக்கு எங்கள் நோட்டில் என்ன மதிப்பு என்று ஒரு தடவை வந்து பாருங்கள்.

அட்வான்ஸைப் பற்றி நீட்டப் போவதில்லை. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்றுதான் சொல்கிறது, வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் தவிர என்று ஒரு சந்தும் விட்டிருக்கிறது, அந்தச் சந்துக்குள் ஊரே குடியிருக்கிறது. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைக் கழிக்கிறீர்களே, குறைந்தபட்சம் அந்தப் பெயின்டையாவது அடியுங்கள், அடுத்து வருகிறவர்கள் எங்கள் பிள்ளை கிறுக்கிய சுவரோடுதான் வாழ்கிறார்கள்.

எங்கள் பக்கமும் யோக்கியர்கள் மட்டும் இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன். சொல்லாமல் ஏசி மாட்டுகிறவர்கள் உண்டு, நாலு பேர் என்று சொல்லிவிட்டு எட்டுப் பேரைக் குடிவைப்பவர்கள் உண்டு, கடைசி மூன்று மாத வாடகையைக் கொடுக்காமல் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று போகிறவர்களும் உண்டு. அதற்குத்தான் சப்மீட்டர் இருக்கிறது, யார் எவ்வளவு ஓட்டினார்கள் என்று அது பொய் சொல்லாமல் காட்டுகிறது. பிரச்சினை மீட்டரில் இல்லை, பெருக்குகிற எட்டில் இருக்கிறது.

“பிடிக்காவிட்டால் காலி பண்ணுங்கள்” என்பதுதான் இதற்கு வழக்கமான பதில். காலி பண்ணலாம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, வண்டிக் கூலி, புது அட்வான்ஸ், பிள்ளைகளின் வேன், அதோடு புது வீட்டின் மாடிப்படிக்குக் கீழேயும் இதே சப்மீட்டர். அதைத் தெரிந்துகொண்டுதான் நீங்களும் அப்படிச் சொல்கிறீர்கள்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். அடுத்த தடவை வாரியத்து ஆள் ரீடிங் எடுத்துவிட்டுப் போனதும் பில்லை ஒரு போட்டோ எடுத்து எல்லாக் குடித்தனத்துக்கும் வாட்ஸ்அப்பில் போடுங்கள். பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்தால் ஒரு விலை வரும். நான் மேலே சொன்ன கணக்கில் அது ஆறு ரூபாய். அந்த ஆறை வாங்குங்கள், மோட்டாருக்கு இவ்வளவு என்று தனியாகச் சொல்லுங்கள். அடுத்த மாதம் ஏழு வந்தால் ஏழு கொடுக்கிறோம், முணுமுணுக்க மாட்டோம். வீடு பார்க்க வருகிறவர்களிடம் வாடகையையும் அட்வான்ஸையும் சொல்கிறபோதே கரண்டுக்கு என்ன கணக்கு என்பதையும் சொல்லிவிடுங்கள், சாவி வாங்கிப் பாலைக் காய்ச்சிய பிறகு சொல்லாதீர்கள். தனி கார்டு வாங்கிக் கொடுக்க மனசு இருந்தால் இன்னும் நல்லது, அந்த வீட்டுக்கு டூலெட் போர்டு மாட்டவே தேவையிருக்காது.

பெயர் போடவில்லை. என் அட்வான்ஸ் இன்னும் உங்களில் ஒருவரிடம்தான் இருக்கிறது.