பார்த்துக்கொண்டே இருந்தும் தவறிப்போன நம்பர்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன மாதம் அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப் போயிருந்தேன். சுவரில் பெரிய டிவி, அதன் ஒரு மூலையில்தான் கூப்பிடும் நம்பர் வரும், மற்ற இடமெல்லாம் விளம்பரம், அடியில் எழுத்து வேறு ஓடிக்கொண்டே இருக்கும். நான் மருந்துச் சீட்டைக் காட்டிவிட்டு வருவதற்குள் அவருடைய நம்பர் வந்து போய்விட்டது. "பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றார், முகம் வாடிப்போய். அங்கே கேட்டால் கண்ணைப் பரிசோதிக்கச் சொன்னார்கள்.

அம்மாவின் கண்ணில் குறை இல்லை. கண்ணாடி போட்டால் பேப்பரில் சின்ன எழுத்தையும் வாசிப்பார். 35 வருஷம் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர், பனிமூட்டத்திலும் முற்றிய இலைகளுக்கு நடுவே இரண்டு இலை ஒரு மொட்டு அவர் கைக்குத் தப்பாது.

கண் தெரிவது வேறு, பல பொருள்களுக்கு நடுவே வேண்டியதைப் பொறுக்கி எடுக்கும் கவனம் வேறு. வயது ஏற ஏற இந்த இரண்டாவதுதான் மெதுவாகிறது. அசைகிற, மின்னுகிற வேண்டாத விஷயத்தை ஒதுக்குவது சிரமமாகிறது, ஒரே பார்வையில் பிடிபடும் பரப்பும் சுருங்குகிறது. ஆனால் எதைத் தேடுகிறோம், அது எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் வயதானவர்களும் நன்றாகவே கண்டுபிடிக்கிறார்கள். தேயிலைச் செடியில் அம்மாவுக்கு அது தெரியும், அந்தத் திரையில் தெரியவில்லை.

ஒரு படத்தையோ திரையையோ பார்க்கும்போது மனிதக் கண் எங்கே போகும் என்று கணிக்கிற கணினி மாதிரிகள், அதாவது கணக்கு முறைகள், இருக்கின்றன. 1998இல் இட்டி, கோக், நீபர் என்ற மூவர் வெளியிட்ட கணினி மாதிரி, நிறம், வெளிச்சம், கோட்டின் சாய்வு ஆகியவற்றில் எது சுற்றியுள்ளதிலிருந்து தனித்துத் தெரிகிறதோ அங்கே கவனம் போகும் என்று கணக்குப் போடுகிறது. பார்ப்பவரின் வயது அதில் எங்கேயும் வராது. அப்புறம் மனிதர்களின் பார்வையைப் பதிவு செய்து கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் முறை வந்தது. 2009இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1003 படங்களை 15 பேருக்குக் காட்டிச் சேர்த்த பதிவு இன்றுவரை நிறையப் பேர் பயன்படுத்துவது. அந்த 15 பேரும் 18 முதல் 35 வயதுக்குட்பட்டவர்கள்! அந்தப் பதிவை வைத்துக் கற்ற கணினி, என் அம்மாவின் கண் எங்கே போகும் என்று எப்படிச் சொல்லும்?

பேராதனையிலும் பதுளையிலும் கணினி படிக்கும் நம் பிள்ளைகள் இதைக் கையில் எடுக்க வேண்டும். தோட்டத்தில் ஓய்வு பெற்று லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருக்கும் தாத்தா பாட்டிமாரை உட்காரவைத்து, அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் கண் போகும் வழியைப் பதிவு செய்யுங்கள். உண்மையிலேயே பயன்படும் ஆய்வு அது.

திரை வைப்பவர்களோ ஆய்வு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நம்பரை நடுவில் பெரிதாகப் போட்டு, கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கவிட்டு, தமிழிலும் சத்தமாகக் கூப்பிட்டால் போதும். அம்மாவுக்கு அடுத்த கிளினிக் வருகிற மாதம். அதற்குள் அந்த விளம்பரத்தையாவது நிறுத்துங்கள்.

வாசகி,
தலவாக்கலை