கம்பிக் கருவிகளுக்கு ஒரு பட்டறை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மேடையில் வீணை வாசிக்கும் நம் பிள்ளைகளின் படங்களை உங்கள் நாளிதழில் அடிக்கடி பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனம் குளிர்கிறது. ஆனால் அந்த வீணைகள் பழுதானால் என்ன ஆகின்றன? பல வீடுகளில் உறைபோட்டு அலமாரிக்கு மேல் ஏற்றிவிடுகிறார்கள். சிலர் தஞ்சாவூருக்குப் போகும்போது தூக்கிக்கொண்டு போகிறார்கள். சிங்கப்பூரிலேயே அவற்றைப் பழுதுபார்க்கவும், அந்த வேலையைக் கற்கவும் நமக்கு ஓர் இடம் வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் துல்லியப் பொறியியல் தொழிற்சாலையில் இயந்திர வினைஞராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது சுங்கை காடுட்டில் ஒரு மரப்பட்டறையின் மூலையை வாடகைக்கு எடுத்து, 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வழங்கிய சிட்டர்ன், பண்டோரா ஆகிய கருவிகளைச் செய்கிறேன். "நமக்கெதற்கு வெள்ளைக்காரன் வாத்தியம்?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அவையும் வீணையைப் போல உலோகக் கம்பியை மீட்டும் கருவிகள்தாம். கம்பியின் குணத்தை அவை எனக்குக் கற்றுக்கொடுத்த அளவுக்கு வேறெதுவும் கற்றுக்கொடுக்கவில்லை.

அக்காலத்தில் லூட் என்ற மீட்டுக் கருவிக்கு ஆட்டுக்குடலில் திரித்த நரம்பு. சிட்டர்னுக்கோ இரும்பும் பித்தளையும். நம் தேக்கா முடிதிருத்தகங்களில் நாளிதழ் கிடப்பதுபோல, லண்டன் முடிதிருத்தகங்களில் காத்திருப்போர் எடுத்து வாசிக்கச் சுவரில் ஒரு சிட்டர்ன் தொங்கும். 1562இல் லண்டன் பிரைட்வெல்லில் வாழ்ந்த ஜான் ரோஸ், பண்டோரா என்ற பெரிய கம்பிக் கருவியை உருவாக்கினார். அவர் 1580இல் செய்த கருவி ஒன்று ஸஃபோக் வட்டாரத்தின் ஹெல்மிங்ஹாம் மாளிகையில் இன்றும் இருக்கிறது. பிரான்சிஸ் பால்மர் 1617இல் செய்த ஓர்ஃபாரியன் என்ற கம்பிக் கருவி கோப்பன்ஹேகனில் இருக்கிறது. ஓர்ஃபாரியனில் குதிரையையும் (தந்திகளைத் தாங்கும் கட்டை) மெட்டுகளையும் (சுர இடங்களில் நிறுத்தும் உலோகத் தகடுகள்) சாய்வாக வைத்திருப்பார்கள். கீழ்ஸ்தாயித் தந்திக்குக் கூடுதல் நீளம் கிடைக்கவே அந்தச் சாய்வு. எவ்வளவு நுட்பமான யோசனை!

அண்மையில் எங்கள் புளோக்கில் இருக்கும் ஓர் அம்மா மகளின் வீணையைக் கொண்டுவந்தார். "அண்ணே, சாரணி, அதான் முதல் தந்தி, அடிக்கடி அறுந்துபோகுது. கொஞ்சம் தடிமனான கம்பியாப் போட்டா நிக்குமா?" என்றார். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அதே நீளத்தில் அதே சுருதிக்குக் கட்டினால், கம்பி தடிக்கத் தடிக்க அதன் வலு கூடும் அளவுக்கு இழுவிசையும் கூடிவிடும். மெல்லிய கம்பி எந்தச் சுருதியில் அறுமோ, ஏறக்குறைய அதே சுருதியில்தான் தடித்த கம்பியும் அறும். சுருதியின் எல்லையைத் தீர்மானிப்பவை நீளமும் உலோகமும்தான். பித்தளை இரும்பைவிடக் கனமானது, வலுவும் குறைவு. அதனால்தான் சிட்டர்னிலும் மேல்தந்திக்கு இரும்பு, கீழ்த்தந்திக்குப் பித்தளை. பண்டோராவின் அடித்தந்திகளுக்கு இரண்டு பித்தளைக் கம்பிகளைச் சேர்த்து முறுக்குவோம். ஒற்றைத் தடிக்கம்பி விறைத்துக்கொண்டு நாதத்தைக் கெடுக்கும், முறுக்கிய கம்பி வளைந்துகொடுக்கும். அந்த அம்மாவின் வீணையில், தந்தி குதிரையைத் தொடும் இடத்தில் துருப் புள்ளிகள் இருந்தன. தந்தியை மாற்றி, குதிரையின் உலோகத் தகட்டில் விழுந்திருந்த கீறலைத் தேய்த்துச் சமன்செய்து கொடுத்தேன். பிறகு அறவில்லை.

பழைய கம்பிகளை ஆராய்ந்தவர்கள், அவற்றில் கார்பன் மிகக் குறைவு, பாஸ்பரஸ் கூடுதல் என்று கண்டறிந்திருக்கிறார்கள். இன்றைய பியானோ எஃகு அதைவிட வலுவானது என்றாலும் சிட்டர்னில் கட்டினால் ஒலி கடூரமாகிவிடுகிறது. ஆகவே மிருதுவான இரும்புக் கம்பியை வரவழைக்கிறேன். கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்தக் கம்பி நம் ஊர் விரல் வேர்வையில் சீக்கிரமே சிவந்துவிடும். வாசித்து முடித்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்தாக வேண்டும்.

சிட்டர்ன் மெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கழுத்துப் பலகையில் குறுகிய பள்ளமாகக் காடியிட்டு, பித்தளைத் தகட்டை நிறுத்தி, பக்கத்தில் மெல்லிய கடுமர ஆப்பை இறக்கித் தட்டுவோம். பசை தேவைப்படாது. வீணையில் மெழுகை இளக்கி மேளம் கட்டுவதால், அதாவது மெட்டுகளை மெழுகில் பதிப்பதால், மெட்டை நகர்த்திச் சரிசெய்யலாம். இதில் அந்தச் சலுகை இல்லை. காடி அறுக்கும் முன்பே ஒவ்வொரு சுரத்தின் இடத்தையும் காதாலும் கணக்காலும் உறுதி செய்துகொள்ள வேண்டும். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இதைவிட நல்ல கணிதப் பயிற்சி இருக்குமா!

இங்கே பெரிய எதிரி ஈரப்பதம். நம் சராசரி 80 விழுக்காட்டுக்கு மேல். வச்சிரம் என்னும் பசை காய நேரமெடுக்கிறது. காய்ந்த மூட்டும் சில சமயம் விட்டுக்கொடுக்கிறது. ஸ்புரூஸ் மரத்தின் மெல்லிய மேல்பலகை உப்பிவிட்டால் தந்தி உயர்ந்து விரலுக்கு வலிக்கும். ஈரப்பதத்தை 50 விழுக்காட்டை ஒட்டி வைத்திருக்கும் அறை இல்லாமல் இந்த வேலை நடக்காது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டின் படுக்கையறையில் மரமும் அறுக்க முடியாது.

நம் இந்திய நுண்கலை அமைப்புகளையும் சமூக மன்றங்களையும் நான் கேட்பது இதுதான். ஈரநீக்கி இயந்திரம் வைத்த ஓர் அறை, இரண்டு வேலைமேசைகள், பூட்டக்கூடிய ஓர் அலமாரி. பிள்ளைகள் முதலில் தந்தி மாற்றவும் துருவைக் கவனிக்கவும் கற்கட்டும். அடுத்து ஒரு சிட்டர்ன் செய்யட்டும். தந்தி நீளம் அரை மீட்டருக்கும் குறைவான சிறு கருவி அது. பலாக் கட்டையைக் குடைந்து வீணைக் குடம் எடுப்பதற்கு முன் கை பழக அதுவே ஏற்றது. மேளம் கட்டும் பயிற்சிக்குத் தஞ்சாவூர்க் கைவினைஞர் ஒருவரை ஆண்டுக்கு ஒருமுறை வரவழைத்தால் நம்மவர் பலருக்குப் பயன்படும்.

இடம் தர எவரேனும் முன்வந்தால் என் அச்சுப்பலகைகள், அரங்கள், கம்பிச் சுருள்கள் அனைத்தையும் கொண்டுவந்து வைக்கிறேன். சனிக்கிழமை பிற்பகல்களில் ஊதியம் இல்லாமல் சொல்லிக்கொடுக்கவும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்