வெள்ளி பாக்கெட் எங்கே போனது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இந்த மாதம் முந்திரி வாங்க வந்த பலரும் "அந்த வெள்ளி பாக்கெட் எங்கே?" என்று கேட்கிறீர்கள். "எதிர்க்கடையிலும் இதே பைதான் இருக்கு, ரெண்டு கடையும் ஒண்ணாயிடுச்சா?" என்றும் ஒருவர் கேட்டார். கடை தனித்தனிதான். பை மட்டும் ஒன்று. வெள்ளி பாக்கெட்டை விட்டுவிட்டு, சில கடைகள் சேர்ந்து ஒரே மாதிரி வெறும் பாலித்தீன் பைக்கு மாறியிருக்கிறோம்.

பழைய வெள்ளி பாக்கெட் பல அடுக்குகளை ஒட்டிச் செய்தது. வெளியே அச்சுக்குப் பாலியஸ்டர், நடுவில் காற்றையும் வெளிச்சத்தையும் தடுக்க அலுமினியம், உள்ளே சூட்டில் ஒட்டுவதற்குப் பாலித்தீன். சரக்கைக் காப்பதில் அதற்கு ஈடு கிடையாது. காலியான பிறகுதான் வம்பு. பாலித்தீன் 130 டிகிரிக்குள் உருகிவிடும், பாலியஸ்டருக்கு 250 டிகிரி தாண்ட வேண்டும். பிரிக்கவும் வழியில்லை, சேர்த்து உருக்கவும் வழியில்லை. பால் கவரை எடைபோட்டு வாங்கும் காயலான் கடைக்காரர் வெள்ளி பாக்கெட்டைக் கையால் தொடமாட்டார். அப்புறம் அது தெருவோரம் எரியும், இல்லாவிட்டால் மழைத் தண்ணீரோடு கெடிலம் ஆற்றுக்குப் போகும்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கேரி பேக் தடை வந்தபோது எங்கள் பாடு சுலபம். நீங்கள் துணிப்பை கொண்டுவந்தீர்கள், முடிந்தது. உள்ளே இருக்கும் பாக்கெட்டை மாற்றுவது அப்படியில்லை. அச்சடித்த பைக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர், அதாவது அச்சு உருளை, வெட்ட வேண்டும். அந்தச் செலவு கட்டுப்படியாக, பை செய்கிறவர்கள் பெரிய ஆர்டராகத்தான் எடுப்பார்கள். எங்களைப் போன்ற சின்னக் கடை தனியாகப் போய்க் கேட்டால், "ஸ்டாக்கில் இருக்கிறதை எடுத்துக்கங்க" என்பார்கள். ஸ்டாக்கில் இருப்பது வெள்ளிதான்.

அதனால் திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம் பக்கம் முந்திரியும் கார வகைகளும் விற்கும் சில கடைக்காரர்கள் உட்கார்ந்து பேசினோம். எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே தடிமன், அச்சில்லாத வெறும் பாலித்தீன் பை. ஆர்டரும் ஒன்றே. பெயர், விலை, தேதி, உரிம எண் எல்லாம் அவரவர் லேபிளில் இருக்கும். அந்த லேபிளும் பாலித்தீன்தான். காகித லேபிளாக இருந்தால் உருக்கும் இடத்தில் அதுவே கசடாகிவிடும். விலையில் எங்களுக்குள் எந்தக் கூட்டும் இல்லை. முந்திரிப் பருப்பின் தரத்தில் பழைய போட்டி அப்படியே இருக்கிறது, அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை!

இதில் ஒரு குறை உண்டு. பாலித்தீன் ஈரத்தை நன்றாகத் தடுக்கும், ஆக்சிஜனைத் தடுக்காது. பருப்பு நமுத்துப் போகாது. ஆனால் நாளானால் எண்ணெய் கெட்டு சிக்கு வாடை வரும். அதனால்தான் பாக்கெட்டில் காலாவதித் தேதியைக் கிட்டே கொண்டுவந்திருக்கிறோம். தேதியைப் பார்த்துப் பழைய சரக்கு என்று நினைக்க வேண்டாம். மொத்தமாக வாங்கி அடுக்குவதைவிடக் கால் கிலோ கால் கிலோவாக வாங்கி, வெளிச்சம் படாத டப்பாவில் கொட்டி இறுக்கி மூடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கடலூர்க் காற்றுபடப் பிரித்து வைத்தால் எந்தப் பையும் காப்பாற்றாது.

காகிதப் பை போடலாமே என்கிறார்கள். எண்ணெய்ப் பண்டம் தாங்கும் காகிதப் பைக்கு உட்புறம் பெரும்பாலும் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். வெள்ளி பாக்கெட்டின் அதே தொல்லை, காகித வேஷத்தில். மக்கும் பை என்று விற்பவற்றில் பலவும் குப்பையை உரமாக்கும் தொழிற்கூடத்தின் சூட்டில்தான் ஒழுங்காக மக்கும், நம் தெருச் சாக்கடையில் மக்காது. அதைக் காட்டி உங்களிடம் கூடுதல் காசு வாங்க மனசு வரவில்லை.

காலிப் பையைத் தூளை உதறிவிட்டுக் கொண்டுவாருங்கள். எந்தக் கடையில் வாங்கியிருந்தாலும் கூட்டில் உள்ள எந்தக் கடையிலும் போடலாம். ஒரு கடையில் சேரும் ஒரு கைப்பிடி அளவு பைகளுக்காகக் காயலான் வியாபாரி வண்டி எடுக்கமாட்டார். எல்லாக் கடையிலும் ஒரே ரகம் மூட்டையாகச் சேர்ந்தால் வருகிறார். அது திரும்ப உணவுப் பையாக வராது. குப்பைப் பையாகவோ தண்ணீர்க் குழாயாகவோ மாறும்.

வெளியூர் பார்சலின் மேல் பிஸ்கட் கம்பெனி பெயர் இருந்தால் திகைக்காதீர்கள். பக்கத்து மளிகைக் கடையின் அட்டைப்பெட்டிகளை வாங்கித் திருப்பி உபயோகிக்கிறோம். பண்டம் உள்ளே தனிப் பையில்தான் இருக்கும்.

நெடுநாள் வைத்திருக்க வேண்டியவர்களுக்கு மூடி போட்ட ஒரு கிலோ டின் உண்டு. முன்பணம் 60 ரூபாய், டின்னைத் திருப்பினால் பணமும் திரும்பும். டின் கைவசம் குறைவாக இருப்பதால், தீபாவளிக்கு வேண்டியவர்கள் புரட்டாசி முடிவதற்குள் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்