மைக்கை அணைத்துவிட்டு முழுப் படத்தையும் ஓட்டுங்கள்

எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தின் நிர்வாகக் குழுவினருக்கு, திருப்பூரிலிருந்து உங்கள் சந்தாதாரர் ஒருவரின் வணக்கம்.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் நடத்திய எண்பதுகளின் நடனப் படங்கள் வரிசையைப் பற்றி எழுதுகிறேன். என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். போஸ்டரில் 'வயிறு வலிக்கச் சிரிக்க வாருங்கள்' என்று போட்டிருந்தீர்கள். படம் ஓட ஓட ஒருவர் மைக்கில் கிண்டல் பேசிக்கொண்டே இருந்தார். எட்டு மணிக்கு மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும் என்று, படத்தின் கடைசி நடனம் வருவதற்குள் நிறுத்திவிட்டீர்கள். இரண்டு வாரமும் இதேதான்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. அதே படங்களை மறுபடியும் போடுங்கள். மைக் இல்லாமல், வெட்டு இல்லாமல், கடைசி ஆட்டம் வரைக்கும் முழு சத்தத்தோடு போடுங்கள்.

'டிஸ்கோ டான்சர்' அன்று என் பக்கத்து வீட்டுக்காரரை நான்தான் கூப்பிட்டு வந்திருந்தேன். ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டராக இருக்கிறார். வயசுக் காலத்தில் காங்கயம், வெள்ளகோவில் பக்கத்து ஊர்களில் மாரியம்மன் நோம்பி (திருவிழா) வந்தால் மேடையேறி டிஸ்கோ ஆடியவர். சட்டைக்கு ஜிகினா வைத்துத் தைத்தது அவர் அம்மா. 1982-இல் மிதுன் சக்ரவர்த்தி ஆடிய அந்த இந்திப் படத்தைத் தமிழில் 1985-இல் 'பாடும் வானம்பாடி' என்று எடுத்தார்கள். நாகேஷின் மகன் ஆனந்த் பாபு ஆடினார். இவர் இரண்டையும் பார்த்துப் பார்த்து ஒவ்வோர் அடியாகக் கற்றுக்கொண்டு, டேப் ரிக்கார்டரை வைத்து ஆடியிருக்கிறார். அன்றைக்கு மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

அந்தப் படத்தில், கதாநாயகனைக் கொல்ல எதிரிகள் அவன் கிதாரில் மின்சாரத்தைப் பாய்ச்சிவிடுகிறார்கள். அதைத் தொட்டுச் சாவது அவன் அம்மா. நோம்பி மேடையில் இவர்கள் அந்த இடத்தை நடித்தால் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்களாம். இங்கே மைக்கில் பேசிய உங்கள் ஆள் அந்தக் காட்சியைத் திரும்ப ஓட்டச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவையும் ஓட்டினீர்கள். கூடம் முழுக்கச் சிரிப்பு. பேத்தி அவர் கையைப் பிடித்து, "ஏனுங்க அப்புச்சி, அந்த அம்மா செத்துப்போச்சு, எல்லாரும் சிரிக்கறாங்க?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல கண்ணு" என்றார். இடைவேளை வரைக்கும் இருக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வெளியே வண்டியை எடுக்கும்போது "படம் நல்ல படமுங்க" என்று மட்டும் சொன்னார்.

மதிப்பிற்குரியவர்களே, இருந்திருந்தாலும் அவருக்கு என்ன கிடைத்திருக்கும்? அம்மா செத்தபின் கிதாரைத் தொடவே நடுங்கும் அந்தப் பையன், கடைசிப் போட்டி மேடையில் அந்த நடுக்கத்தைத் தாண்டி மறுபடி பாடுவதுதான் படமே. அதைத்தான் நீங்கள் காட்டவில்லை. சாவை மூன்று தடவை காட்டினீர்கள், மீண்டு வந்ததை ஒரு தடவைகூடக் காட்டவில்லை.

இந்தப் படங்கள் மிகை என்று மைக்கில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆமாம், மிகைதான். தலையில் பட்டை, இடுப்பில் மின்னும் பெல்ட், காலடியில் விளக்கு எரியும் தரை, எங்கிருந்து வருகிறதென்றே தெரியாத புகை. ஒரு ஆட்டத்தில் ஜெயித்தால் வாழ்க்கையே மாறிவிடும் என்று நம்பும் கதை. அந்த மிகைக்காகத்தான் எனக்கு இவை பிடிக்கும். வெள்ளைச் சட்டை போட்டால் சாதாரண ஆள், ஜிகினாச் சட்டை போட்டால் வானத்தில் இருப்பவன் என்று கூச்சமில்லாமல் காட்டிய படங்கள் இவை. நாள் முழுக்கப் பவர் டேபிளில் குனிந்து உட்கார்ந்து தைப்பவருக்கு, தன் மனசில் இருப்பதைத் திரை அதே அளவில் பெரிதாகக் காட்டினால் போதும். அளவாக, அடக்கமாக வேண்டும் என்று அவர் கேட்டதில்லை.

முதல் வாரம் நீங்கள் போட்ட 'ஃப்ளாஷ்டான்ஸ்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1983-இல் வந்தது. பிட்ஸ்பர்க்கில் பகலில் வெல்டிங் வேலை பார்க்கும் பெண், ராத்திரியில் ஆடுகிறாள். வெல்டிங் செய்கிறவள் இப்படி ஆடுவாளா என்று மைக்கில் கேட்டார்கள். திருப்பூரில் நின்றுகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்க எப்படி மனசு வந்தது? ஒன்றரை ஷிப்டு முடித்துவிட்டு ராத்திரி கும்மிப் பயிற்சிக்குப் போகும் பெண்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்களே.

அந்தக் கடைசித் தேர்வு ஆட்டத்தையாவது காட்டியிருக்கலாம். கதாநாயகி முதலில் தடுமாறி நின்றுவிடுவாள். இசைத்தட்டை மறுபடி முதலிலிருந்து வைத்து ஆடுவாள். விறைப்பாக உட்கார்ந்திருக்கும் நடுவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தாளம் போட ஆரம்பிப்பார்கள். நடிகை ஜெனிஃபர் பீல்ஸுக்காக அந்த ஆட்டத்தில் பெரும்பகுதியை ஆடியவர் மரீன் ஜஹான். தரையில் முதுகால் சுழல்வது நியூயார்க்கைச் சேர்ந்த ஓர் இளைஞர். படத்தின் பெயர்ப்பட்டியலில் ஜஹானின் பெயர் இல்லை. பெயர்கூடப் போடாத ஒருவர் உயிரைக் கொடுத்து ஆடிய ஆட்டத்தை, மண்டபச் சாவி தர நேரமாகிறது என்று அணைத்துவிட்டீர்கள்.

நம் பக்கத்தில் மிகைக்கு என்றைக்கு வெட்கப்பட்டிருக்கிறோம்? வள்ளி கும்மி அரங்கேற்றம் என்றால் நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே நிறச் சேலையில் மணிக்கணக்காக ஒரே அடவை ஆடுகிறார்கள். பக்கத்துக் கோவை மாவட்டத்துக் கும்மிக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், நாமெல்லாம் பெருமைப்பட்டோம். பெருஞ்சலங்கை கட்டி ஆடுபவர்களைப் பார்த்து, காலில் எதற்கு இவ்வளவு பெரிய சலங்கை என்று யாராவது கேட்கிறோமா?

பொதுவாகவே பாட்டும் ஆட்டமும் வந்தால் போதும், மதிப்பில்லை. டிவியில் பாட்டைப் பாதியில் வெட்டி விளம்பரம் போடுகிறார்கள். தியேட்டரில் பாட்டு வந்தால் பாப்கார்ன் வாங்க எழுந்து போகிறார்கள். போனில் பதினைந்து நொடிக்கு மேல் யாரும் ஓர் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹால் சினிமாக் கொட்டகையைத் தொடங்கியது 1914-இல். நூறு வருடத்துக்கும் மேலாகப் படம் பார்த்துப் பழகிய சீமை இது. பழைய கொட்டகைகள் மண்டபமாகவும் குடோனாகவும் மாறிய பிறகு, பழைய படத்தை நாலு பேரோடு சேர்ந்து பார்க்க எங்களுக்கு இருக்கும் ஒரே இடம் உங்கள் சங்கம்தான். அங்கேயும் இப்படி என்றால் எங்கே போவது?

சரி, டிவியும் தியேட்டரும் உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறேன். சிரிப்பு வந்தால் சிரிக்கட்டும், யாரையும் தடுக்கச் சொல்லவில்லை. எப்போது சிரிக்க வேண்டும் என்று மைக்கில் சொல்லித்தர வேண்டாம். படத்தை மறுபடியும், முழுதாக, கடைசி ஆட்டம் வரைக்கும் போடுங்கள்.

சனிக்கிழமை சம்பளம் போட்டு ஞாயிறு லீவு விடும் ஊர் இது. அதனால் ஞாயிறு மாலை நாலு மணிக்கே தொடங்கிவிட்டால் எட்டு மணிக்குள் தாராளமாக முடியும். அப்படியும் நேரம் தாண்டினால் மண்டபத்துக்குக் கூடுதலாக ஆகும் வாடகையை உறுப்பினர்கள் சிலர் பங்கு போட்டுத் தரத் தயாராக இருக்கிறோம். பேசி வைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அடுத்த மாத அட்டவணையை அச்சுக்குக் கொடுப்பதற்குள் தயவுசெய்து ஒரு பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சங்கத்தின் சந்தாதாரர்,
திருப்பூர்