சொல்லின் மேல் விரலை அழுத்திப் பார்

அன்புள்ள கயல்,

பி.ஜி. அறையில் துணி வைக்கவே அலமாரி போதவில்லை, புத்தகத்தை எங்கே அடுக்குவது என்று கேட்டிருந்தாய். ஒயிட்ஃபீல்டிலிருந்து எம்.ஜி. ரோடு வரைக்கும் மெட்ரோவில் உட்கார்ந்து வாசிக்க உன் போனும் அந்தப் பழைய கிண்டிலும் போதும். தமிழில் இலவச மின்னூலுக்குப் பஞ்சமில்லை. எந்த வடிவத்தில் கிடைக்கிறது என்று பார்க்காமல் இறக்குவதால்தான் பலர் நாலு பக்கத்தோடு கைவிடுகிறார்கள்.

மின்னூல் என்ற பெயரில் வருவதில் நிறைய, அச்சுப் பக்கத்தைப் படம் பிடித்துக் கட்டிய பிடிஎஃப்தான். கோப்பைத் திறந்து ஒரு சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடி. சொல் தனியாகத் தேர்வானால் அது எழுத்து, ஆகாவிட்டால் படம். படத்தில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். ஒவ்வொரு வரிக்கும் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். கோப்பின் அளவே பாதி சொல்லிவிடும். தட்டச்சு செய்த நாவல் பெரும்பாலும் ஒன்றிரண்டு எம்பிக்குள் அடங்கும்; ஸ்கேன் என்றால் பத்து, ஐம்பது என்று போகும்.

அதனால் முதலில் தட்டச்சு செய்தவை இருக்கும் இடங்களில் தேடு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இன்று எழுதுகிறவர்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தாங்களாகவே கொடுத்த நூல்கள் கிடைக்கும். ஒரே நூலுக்கு இபப், மோபி, ஏ4 பிடிஎஃப், 6 அங்குல பிடிஎஃப் என்று நாலு கோப்பு இருக்கும். இபப்பை எடு, எழுத்தைப் பெரிதாக்கினாலும் வரியைத் திரைக்குள்ளேயே மடித்துக் காட்டும் வடிவம் அது. விக்கிமூலத்திலும் இபப்பாக இறக்கலாம், ஆனால் நூலின் அட்டவணையில் பக்க எண்ணின் நிறத்தைப் பார்த்துக்கொள். சிவப்பு என்றால் கணினி படித்த எழுத்தை யாரும் இன்னும் சரிபார்க்கவில்லை, பிழை மலிந்திருக்கும். மஞ்சள் ஒருவர் மெய்ப்புப் பார்த்தது, பச்சை இரண்டாவது ஆளும் பார்த்தது.

அங்கெல்லாம் இல்லாத பழைய பதிப்புகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம், இரண்டுக்கும் பிறகு இன்டர்நெட் ஆர்க்கைவ். பெரும்பாலும் ஸ்கேன்தான். போனைக் குறுக்காகத் திருப்பி, ஓரத்து வெள்ளையை வெட்டிக் காட்டும் வசதி உள்ள செயலியில் படி. மின்னூலின் வடிவத்தை மாற்றும் கேலிபர் மென்பொருளில் போட்டு இபப்பாக மாற்றலாமே என்று தோன்றும். படப் பிடிஎஃப்பிலிருந்து அது எழுத்தை எடுக்காது. எழுத்துள்ள பிடிஎஃப்பிலும் தமிழ் அடிக்கடி சிதையும்: கொம்பு முன்னால் தாவி 'கெடு' என்பது 'ெகடு' ஆகும், வரிகள் பாதியில் ஒடியும். கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்தை அடுக்கிய பிடிஎஃப்களில் இது தவிர்க்க முடியாதது. ஒன்றிரண்டு பக்கம்தான் எழுத்தாக வேண்டுமென்றால் அந்தப் பக்கங்களை மட்டும் கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திற, ஓரளவு சரியாகவே படித்துத் தரும்.

எது சட்டப்படி இலவசம் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள். நம் நாட்டில் ஆசிரியர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு காப்புரிமை. 1960இல் மறைந்தவர் என்றால் 2021 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்த்தவரின் கணக்கு தனி. ரஷ்ய மூலம் எவ்வளவு பழையதாக இருந்தாலும் தமிழாக்கம் உரிமையுள்ளதாக இருக்கலாம். கல்கியின் எழுத்துகள் போல அரசு நாட்டுடைமையாக்கியவையும் உண்டு. அதே வாசகத்தை அட்டை மட்டும் மாற்றி விலை போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்குமுன் ஒருமுறை மதுரைத் திட்டத்தில் தேடிப் பார். டெலிகிராமில் சுற்றும் புதிய நூல்களின் பிடிஎஃப் வேண்டாம். தமிழில் எழுதிக் கிடைக்கும் சொற்பக் காசிலும் நாம் கை வைக்கக் கூடாது. புத்தகப் பெயரில் ஏபிகே என்று முடியும் கோப்பு வந்தால் அது நூல் அல்ல, போனில் செயலியை நிறுவும் கோப்பு; திறக்காமல் அழித்துவிடு.

கிண்டிலுக்கு அனுப்ப, உன் கிண்டிலுக்கென்று உள்ள மின்னஞ்சல் முகவரிக்கு இபப்பை இணைத்து அனுப்பினால் போதும். வந்து சேரவில்லை என்றால் அனுப்பிய முகவரி அனுமதிப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். அமேசான் கணக்கில் பர்சனல் டாக்குமென்ட் செட்டிங்ஸ் பகுதியில் உன் ஜிமெயிலைச் சேர். அஞ்சலில் 50 எம்பி வரைதான் போகும், அதற்கு மேல் என்றால் சென்ட் டு கிண்டில் பக்கத்தில் 200 எம்பி வரை ஏற்றலாம். கிண்டிலின் பழைய வடிவமான மோபியை இப்படி அனுப்பினால் இப்போது ஏற்பதில்லை.

காசு கொடுப்பதென்றால் அமேசானின் மாதச் சந்தாத் திட்டமான கிண்டில் அன்லிமிடெட்டில் ஒரே ஒரு மாதம் சேர், தானாகப் புதுப்பிப்பதை அன்றைக்கே நிறுத்திவிடு. ஒரே சமயத்தில் 20 நூல் வைத்துக்கொள்ளலாம், சந்தா முடிந்ததும் எல்லாம் போய்விடும். அந்தத் திட்டத்தில் ஆசிரியரே வெளியிட்ட நூலை அவர் நினைத்தால் 90 நாளில் 5 நாள் விலையில்லாமலும் தரலாம். அப்போது எடுத்தது சந்தா முடிந்தாலும் உன் கணக்கில் இருக்கும். பிடித்த எழுத்தாளரின் பக்கத்தை மாதம் ஒருமுறை எட்டிப் பார்.

திரையே சலித்துப்போனால் அல்சூர் ஏரிக்கு எதிரே தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. உன் பர்ப்பிள் லைனிலேயே அல்சூர் நிலையத்தில் இறங்கலாம்.

கிண்டிலை விமான முறையிலிருந்து எடுத்து வை-ஃபையில் போட்டுவிட்டு அனுப்பு, இல்லையென்றால் எதுவும் இறங்காது.

அன்புடன்,
அப்பா