அந்த ஐந்து வருடம் எங்கே தொடங்குகிறது?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்த விவரத்தைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மூட்டு வலி விஷயத்தில் மட்டும் உன் வீட்டுக்காரம்மா பேச்சைக் கேள், மாடி ஏறி இறங்காதே. இங்கே எல்லோரும் நலம்.

சரி, பண விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வுப் பணத்தில் கொஞ்சம் போடலாமா என்று கேட்டு ஈக்விட்டி ஃபண்டுகளின் (பங்குகளில் பணம் போடும் மியூச்சுவல் ஃபண்டுகளின்) பட்டியல் ஒன்றைப் பத்திரிகையிலிருந்து வெட்டி அனுப்பியிருக்கிறாய். முதலில் இருப்பதற்கு ஐந்து வருட ரிட்டர்ன், ஆண்டுக்கு 24 சதவீதம். அதன் கீழே சிவப்பு மையில் கோடு வேறு! மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் தேதியைப் பார்த்தாயா? 2025 மார்ச் 24. அப்படியென்றால் கணக்கு தொடங்குவது கொரோனா பயத்தில் சந்தை அடிமட்டத்துக்குப் போன நேரத்தில். 2020 மார்ச் 23 அன்று, 50 பெரிய கம்பெனிகளின் பங்குக் குறியீடான நிஃப்டி 7,610. ஐந்து வருடம் கழித்து 23,600க்கு மேல். நிஃப்டியே ஆண்டுக்கு 25 சதவீதம் வளர்ந்திருக்கிறது. நீ கோடு போட்ட ஃபண்ட் அதைக்கூட எட்டவில்லை.

இதே கணக்கைச் சுமார் மூன்று மாதம் முன்னால் நகர்த்து. 2020 ஜனவரி முதல் தேதி நிஃப்டி சுமார் 12,180. 2025 ஜனவரி முதல் தேதி சுமார் 23,740. இப்போது 14 சதவீதம்தான் வரும். சந்தை அதேதான், காலமும் ஐந்து வருடம்தான். தொடங்கிய நாள் ஒன்றுதான் வேறு.

அதனால்தான் நான் ரோலிங் ரிட்டர்ன் மட்டும் பார்ப்பேன். ஒவ்வொரு மாதமும் ஒருவன் பணம் போட்டு ஐந்து வருடம் வைத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று வரிசையாகக் கணக்குப் போடுவது. அதில் சராசரியை விட, மோசமான ஐந்து வருடத்தில் என்ன கொடுத்தது என்பதையும், எத்தனை முறை பெஞ்ச்மார்க்கைத் (ஃபண்டை ஒப்பிட்டுப் பார்க்கும் சந்தைக் குறியீட்டைத்) தாண்டியது என்பதையும் பார். பெஞ்ச்மார்க்கும் டிவிடெண்டை, அதாவது கம்பெனிகள் பிரித்துத் தரும் லாபத்தை, சேர்த்த குறியீடாக இருக்க வேண்டும். 2018 பிப்ரவரியிலிருந்து, சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி அதைத்தான் கட்டாயமாக்கியிருக்கிறது. அதற்கு முன் டிவிடெண்ட் சேராத குறியீட்டோடு ஒப்பிட்டு, பல ஃபண்டுகள் சும்மாவே மீசையை முறுக்கிக்கொண்டன.

இன்னொன்று. ஃபண்டுகளை வகை பிரிக்கச் செபி 2017ல் போட்ட உத்தரவு நடைமுறைக்கு வந்ததும் அதே 2018ல்தான். லார்ஜ் கேப் (பெரிய கம்பெனி ஃபண்ட்) என்றால் சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனிகளில் குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும் என்று வந்தது. அப்போது சில ஃபண்டுகள் பெயரையும் போக்கையும் மாற்றிக்கொண்டன, சில வேறொன்றோடு இணைந்து காணாமல் போயின. ஆகவே பதினைந்து வருட ரிட்டர்ன் என்று ஒருவர் காட்டினால், அதில் முன்பாதி வேறொரு ஃபண்டின் கதையாக இருக்கலாம். தோற்றுப்போய் இணைந்தவை பட்டியலிலேயே இருக்காது. மிஞ்சியவற்றின் சராசரி அழகாகத் தெரிவதில் ஆச்சரியம் என்ன?

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நீ கணக்கு வாத்தியார். 10 லட்சம், 20 வருடம், 12 சதவீதம் என்றால் சுமார் 96 லட்சம். ஃபண்டின் செலவு ஆண்டுக்கு ஒரு சதவீதம் தின்று அதுவே 11 ஆனால் 80 லட்சத்துச் சொச்சம். ஏஜென்ட் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான் 2013 முதலே இருக்கிறது. கூட இருந்து வழிகாட்ட ஆள் வேண்டுமென்றால் கமிஷன் சேர்ந்த ரெகுலரிலேயே இரு, தப்பில்லை. என்ன கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடு.

எனக்குள்ள பெரிய சந்தேகம் ஃபண்டைப் பற்றியதல்ல, உன்னைப் பற்றியது. கோபித்துக்கொள்ளாதே! 2008ல் சென்செக்ஸ் 20,000க்கு மேலிருந்து 9,000க்கும் கீழே விழுந்தபோது எல்லாவற்றையும் விற்றுவிட்டு வந்தவன் நீ. எந்த ஃபண்ட் ஆனாலும் அதன் ரிட்டர்ன் கடைசி வரை உட்கார்ந்திருப்பவனுக்குத்தான். இரண்டு சதவீதம் குறைவாகத் தந்தாலும், விழும்போது குறைவாக விழும் ஃபண்ட்தான் உனக்குச் சரிப்படும் என்று எனக்குப் படுகிறது.

உன்னிடம் இப்போது இருக்கும் முதலீடுகளின் ஸ்டேட்மென்டை அனுப்பு. டைரக்ட் பிளான் என்றால் ஃபண்டின் பெயரோடு டைரக்ட் என்று போட்டிருக்கும். அடுத்த மாதம் அங்கே வரும்போது உட்கார்ந்து பார்ப்போம். அதுவரை பணம் ஃபிக்ஸட் டெபாசிட்டிலேயே இருக்கட்டும், ஒரு மாதத்தில் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்