ஷட்டில் ஆடப் போகும் முன் கெண்டைக்காலைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இப்போது சின்ன ஊர்களில்கூடத் தகரக் கூரை போட்ட ஷட்டில் கோர்ட்டுகள் வந்துவிட்டன. மாலை ஏழு மணிக்குக் கடையடைத்துவிட்டு வருபவர், பள்ளி ஆசிரியர், வங்கி ஊழியர் என்று ஆட வருவோரில் பலர் நாற்பதைத் தொட்டவர்கள். கல்லூரியோடு விட்ட ராக்கெட்டைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். மனதார வரவேற்க வேண்டிய மாற்றம் இது. இவர்களில் யாரும் காலை உடைத்துக்கொண்டு வீட்டில் முடங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதம்.

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் 8,577 பேரை 25 ஆண்டுகள் வரை கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2018இல் வெளிவந்தது. உடலுழைப்பே இல்லாமல் ஓய்வு நேரத்தைக் கழித்தவர்களைவிட ஜாகிங் போனவர்கள் சராசரியாக 3.2 ஆண்டும், நீச்சலடித்தவர்கள் 3.4 ஆண்டும், சைக்கிள் ஓட்டியவர்கள் 3.7 ஆண்டும், இறகுப்பந்து, அதாவது நம் ஷட்டில், ஆடியவர்கள் 6.2 ஆண்டும், டென்னிஸ் ஆடியவர்கள் 9.7 ஆண்டும் கூடுதலாக வாழ்ந்திருக்கிறார்கள். ஜிம்முக்குப் போனவர்களுக்கு 1.5 ஆண்டுதான். ஷட்டில் ஆடினால் ஆயுளில் ஆறு வருஷம் ஏறிவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆடுபவர்களின் வசதியும் மற்ற பழக்கங்களும் இந்தக் கணக்கில் கலந்திருக்கலாம். ஆய்வாளர்களும் இதைக் காரண காரியமாக நிறுவியதாகச் சொல்லவில்லை. ஆனால் பட்டியலில் முதல் இரண்டு இடங்களில் இருப்பவை தனியாளாக ஆட முடியாத ஆட்டங்கள். டபுள்ஸுக்கு நாலு பேர் வேண்டும். ஒருவர் வராவிட்டால் மற்ற மூவரும் போன் போட்டு, "எங்கய்யா, ரெண்டு நாளா ஆளையே காணோம்?" என்று கேட்கிறார்கள். கடனுக்காகவோ வேலைக்காகவோ இல்லாமல் நம்மைத் தேடி ஒரு குரல் வருவது நடுவயதில் சாதாரண விஷயமில்லை. இந்த விளையாட்டு தரும் சந்தோஷத்தில் பாதி அந்தக் குரலில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

இனி காலுக்கு வருகிறேன். குதிகால் எலும்பையும் கெண்டைக்கால் சதையையும் இணைக்கும் தடித்த நாண், உடம்பிலேயே மிகப் பெரியது. வலையருகே நிற்பவர் தலைக்கு மேல் போகும் இறகுப் பந்தை ('காக்') அடிக்கச் சட்டென்று பின்வாங்கி, ஒரு காலை ஊன்றி எம்பும் அந்த ஒரு நொடியில், உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் அந்த நாணில் இறங்குகிறது. பதினைந்து வருஷம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாண் அதைத் தாங்கத் தயாராக இருப்பதில்லை. 'படக்' என்று ஒரு சத்தம். பின்னால் யாரோ உதைத்துவிட்டார்கள் என்று ஆடுபவர் திரும்பிப் பார்ப்பார். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் பெரிய தவறு. நாண் முழுதாக அறுந்திருந்தாலும் நொண்டி நொண்டி நடக்க முடியும் என்பதால் சுளுக்கு என்று நினைத்துவிடுகிறார்கள். எண்ணெய் போட்டு உருவிவிடுபவரிடம் போய் இரண்டு மூன்று வாரத்தைத் தொலைக்கிறார்கள். சந்தேகம் வந்தால் அடிபட்டவரைக் குப்புறப் படுக்கவைத்து, பாதத்தைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கெண்டைக்கால் சதையை மெல்ல அமுக்கிப் பாருங்கள். நல்ல காலில் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசையும். அடிபட்ட காலில் அசையாவிட்டால், அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். அசைந்தாலும் வலியும் வீக்கமும் இருந்தால் காட்டிவிடுவதே நல்லது. முதல் சில நாட்களில் போனால் அறுவை சிகிச்சையோ கட்டோ எதுவாயினும் எளிது. நாட்பட்டால் அறுந்த முனைகள் விலகிச் சுருங்கிவிடும். சரியாகச் சேர்ந்தாலும் மறுபடி கோர்ட்டில் இறங்க ஆறு மாதமாவது ஆகும்.

வராமல் தடுக்கும் பயிற்சிக்குக் காசு வேண்டாம், ஒரு படிக்கட்டு போதும். படியின் விளிம்பில் முன்பாதம் மட்டும் பதியும்படி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். இரண்டு காலாலும் எம்பி, ஒரு காலை எடுத்துவிட்டு, மற்ற குதிகாலை மூன்று எண்ணும் நேரத்தில் நிதானமாகக் கீழே இறக்குங்கள். வேகமாக இறக்கினால் பலனில்லை, மெதுவாக இறக்கும்போதுதான் நாண் உறுதிப்படுகிறது. ஒரு காலுக்கு 15 முறை வீதம் மூன்று சுற்று, வாரம் நான்கு நாள். ஒற்றைக் காலில் நின்று 20 தடவை குதிகாலைத் தூக்க முடியாதவர் ஒரு மாதம் இதைச் செய்துவிட்டு ஆட வருவது நல்லது. இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. டைபாய்டுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் கொடுக்கும் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் நாணைப் பலவீனப்படுத்தக்கூடியவை. சாப்பிடும்போதும், முடித்த பின் சில வாரங்களும் ஆட்டம் வேண்டாம். எப்போது திரும்பலாம் என்று மாத்திரை எழுதிய மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வந்ததும் நேராக முதல் கேமுக்குள் குதிப்பதை விட வேண்டும். ஐந்து நிமிடம் மெல்லோட்டமோ ஸ்கிப்பிங்கோ, காலை முன்னும் பின்னும் வீசுவது பத்துப் பத்து, வலைப் பக்கம் எட்டி ஊன்றுவது காலுக்கு ஐந்து, கடைசியில் மூன்று நிமிடம் பாதி வேகத்தில் காக் தட்டுவது. பத்து பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். நின்ற இடத்தில் இழுத்துப் பிடிக்கும் பயிற்சிகளை ஆட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் மாதம் வாரம் இரண்டு நாள், நாளுக்கு மூன்று கேம் போதும். ஆட்டம் டபுள்ஸாகவே இருக்கட்டும்.

ஓடுவதற்கான ஷூவைப் போட்டுக்கொண்டு பலர் ஆடுகிறார்கள். அதன் அடிப்பகுதி உயரமாகவும் மெத்தென்றும் இருப்பதால் பக்கவாட்டில் பாயும்போது கணுக்கால் மடங்கிவிடும். தட்டையான ரப்பர் அடியுள்ள, தரையில் தடம் பதிக்காத நான்-மார்க்கிங் ஷூதான் இதற்கு. ராக்கெட் நரம்பு 22 முதல் 24 பவுண்டு இழுவையில் இருந்தால் போதும். போட்டி வீரர்களைப் பார்த்து 28, 30 என்று ஏற்றினால் முழங்கைதான் வலிக்கும். நைலான் காக் வாங்குபவர்கள் நம் வெயிலுக்குப் பச்சைப் பட்டை போட்டதைக் கேளுங்கள். சூட்டில் காக் வேகமாகப் பறக்கும், மெதுவான ரகம்தான் கட்டுக்குள் நிற்கும். வலையருகே நிற்பவர் பின்னால் ஆடும் தன் கூட்டாளியைத் திரும்பிப் பார்க்கவே கூடாது. காக்கின் கார்க் முனை கண்குழிக்குள் அப்படியே புகுந்துவிடும் அளவுடையது.

தகரக் கூரைக்குக் கீழே ஏப்ரல், மே மாதங்களில் இரவு எட்டு மணிக்கும் வெக்கை அடங்காது. வெறும் தண்ணீரோடு உப்புப் போட்ட மோரும் கொண்டுபோங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு ஆட்டத்தின் நடுவே சர்க்கரை இறங்கலாம். பையில் குளுக்கோஸ் இருக்க வேண்டும், கூட ஆடுபவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். நெஞ்சு இறுக்கம், தாடையிலோ இடது கையிலோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் வாயு என்று சொல்லி சோடா குடித்துவிட்டு அடுத்த கேமுக்கு நிற்காதீர்கள். உடனே உட்காரவைத்து 108ஐ அழைக்க வேண்டும். நினைவிழந்து மூச்சும் நின்றுவிட்டால் நெஞ்சின் நடுவே இரண்டு கையாலும் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஆம்புலன்ஸ் வரும்வரை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கோர்ட் நடத்துபவர்கள் இதை ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்டினால் புண்ணியமாகப் போகும்.

முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கும் அறுபதை நெருங்குபவர்களுக்கும் நம்மிடமே ஒரு நல்ல ஆட்டம் இருக்கிறது. தஞ்சாவூரில் பிறந்ததாகச் சொல்லப்படும் பூப்பந்து. கம்பளி நூல் பந்து. 24 மீட்டருக்கு 12 மீட்டர் மைதானம். பக்கத்துக்கு ஐந்து பேர். ஆள் அதிகம் என்பதால் ஒருவர் ஓட வேண்டிய தூரம் குறைவு. காற்றடித்தாலும் பந்து இறகு போல அலையாது, எனவே கூரையும் வேண்டாம். நகராட்சிகள் பூங்கா ஓரத்தில் ஒரு மண் மைதானத்தைச் சமன்செய்து இரண்டு கம்பம் நட்டுக் கொடுத்தாலே ஐம்பது பேர் ஆடுவார்கள்.

பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை கோர்ட் நிரம்பி வழிகிறது, அதில் பெண்கள் விரல்விட்டு எண்ணும்படி இருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்கள் அடுப்படியில் நிற்கிறார்கள். அதே கோர்ட்டுகளில் பல, பகல் பத்து மணி முதல் பன்னிரண்டு வரை பூட்டிக் கிடக்கின்றன. அந்த இரண்டு மணி நேரத்தைப் பாதிக் கட்டணத்தில் பெண்களுக்கென்று திறந்துவிடும்படி உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, தண்ணீர் வரும் கழிப்பறை, இரவல் கொடுக்க நான்கு பழைய ராக்கெட், ஒரு டப்பா நைலான் காக். இவ்வளவு இருந்தால் அடுத்த திங்கட்கிழமையே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை மருத்துவர்,
திருச்சி